வெள்ளைத் தட்டில் வெண்பொங்கல்

பண்டிகைப் பந்தியின் நிறங்கள் குறித்து ஒரு பராமரிப்பாளரின் கருத்து

தைத் திருநாள் நெருங்குகிறது. சுண்ணாம்பு பூசிய சுவர்களும், கோலமிட்ட வாசல்களும், மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானைகளும் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்குப் புதுப்பொலிவு தரும் காலம் இது. மருத்துவமனையிலிருந்து அண்மையில் வீடு திரும்பியோரும், திரும்பக் காத்திருப்போரும் இந்நாளைப் பிறரினும் மிகுந்த ஆவலோடு எதிர்நோக்குவர். "பொங்கலுக்குள் வீட்டுக்குப் போய்விடலாமா, டாக்டர்?" என்னும் கேள்வி மார்கழி இறுதியில் எல்லா வார்டுகளிலும் ஒலிக்கும். அவ்வளவு ஆவலோடு வீடு வந்து சேரும் ஒருவரை நாம் பண்டிகைப் பந்தியில் எங்கே அமர்த்துகிறோம், அவர்முன் எதை, எதன்மீது வைக்கிறோம் என்பதைப் பற்றியே இங்கே எழுத விழைகிறேன். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் இச்சிறிய செய்தியை அறியாததால் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த வருத்தம் சிறிதன்று.

அந்தப் பொங்கல் நாள்

என் தாயார் மறதிநோயால் சில ஆண்டுகள் துன்புற்றவர். வயது எழுபத்தெட்டு. ஒரு கண்ணில் புரை நீக்கப்பட்டிருந்தது. மற்றொன்றில் அறுவை சிகிச்சை செய்யப்படவில்லை. அவ்வாண்டுப் பொங்கலுக்கு உடன்பிறந்தோர் அனைவரும் ஊரில் கூடினோம். தம்பியின் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். பாட்டிக்கு இனிமேல் இத்தகைய பண்டிகைகள் எத்தனை வாய்க்குமோ என்ற எண்ணத்தில், உணவு மேசையைத் தானே அழகு செய்வதாகப் பொறுப்பேற்றுக்கொண்டாள்.

உண்மையிலேயே அவள் அழகாகச் செய்தாள். மேசையின்மீது பாலேட்டு நிறத்தில் ஒரு விரிப்பு. அதன்மேல் தந்த நிறத்துப் பீங்கான் தட்டுகள். நடுவில் உலர்ந்த நெற்கதிர்களும் சம்பங்கிப் பூக்களும். கூட்டும் குழம்பும் வெண்ணிறக் கிண்ணங்களில் தனித்தனியே. கண்ணை உறுத்தும் நிறம் ஒன்றுகூட அங்கில்லை. இப்போது பல வீடுகளில் இவ்வகை மென்னிற அலங்காரமே விரும்பப்படுகிறது. அமைதியும் தூய்மையும் கலந்த அந்தத் தோற்றத்தைப் பார்த்து நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம்.

தாயாரை மேசையின் தலைமாட்டில் அமர்த்தினோம். வெண்பொங்கலைத் தட்டில் வைத்தோம். அருகே தேங்காய்ச் சட்டினி; வெள்ளைக் கோப்பையில் மோர். அவர் சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரிப்பின் ஓரத்தை விரல்களால் தடவினார். ஓரமாக வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலை மட்டும் ஒரு வாய் எடுத்து உண்டார். வெண்பொங்கலை அவர் தொடவே இல்லை. "பசி இல்லை போலும்" என்றார் ஒருவர். "நாளுக்கு நாள் பிடிவாதம் கூடுகிறது" என்றார் மற்றொருவர். அண்ணி ஊட்ட முயன்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டை எடுத்துவிட்டோம். அவரை உள்ளறைக்கு அழைத்துச் சென்று படுக்க வைத்தபின், நாங்கள் எங்கள் விருந்தைத் தொடர்ந்தோம்.

அடுத்த மாதம் மருத்துவமனைக்குச் சென்றபோது அவருடைய எடை குறைந்திருந்தது. என்ன உண்கிறார், எவ்வளவு உண்கிறார் என்று விசாரித்த செவிலியர், நாங்கள் எதிர்பாராத ஒரு கேள்வியையும் கேட்டார்: "எந்த நிறத் தட்டில் வைத்துக் கொடுக்கிறீர்கள்?" வெள்ளைத் தட்டு என்றோம். "சோற்றை வெள்ளைத் தட்டில் வைத்தால், அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம் அம்மா. நிறத் தட்டிலோ இலையிலோ வைத்துப் பாருங்கள்" என்றார்.

பண்டிகை நாளன்று என் தாயார் உணவை மறுக்கவில்லை. தட்டில் உணவு இருப்பதையே அவர் காணவில்லை. நாங்களோ அதனைப் பிடிவாதம் என்று பேசிக்கொண்டோம். அந்த எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது.

கண் காணும் விதம்

வெள்ளைமேல் வெள்ளை எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு ஏன் தெரியவில்லை? இதற்கான காரணங்கள் ஒன்றல்ல, பல.

வயது கூடக்கூட விழிவில்லை மெல்ல மஞ்சள் நிறம் அடைகிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளியின் அளவும் குறைகிறது. இதனால் ஒன்றுக்கொன்று நெருக்கமான வெளிர்நிறங்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. கண்புரை உள்ளவர்களுக்கு எல்லாமே பனிமூட்டத்தின் ஊடே பார்ப்பதுபோல் தோன்றும். கண் நீர் அழுத்த நோயும், சர்க்கரை நோயால் விழித்திரைக்கு ஏற்படும் பாதிப்பும், ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்துக் காணும் திறனைக் குறைக்கின்றன. கண் பரிசோதனைப் பலகையில் எழுத்துகளை ஓரளவு படித்துவிடும் ஒருவர்கூட, மங்கலான வெளிச்சத்தில் வெள்ளைத் தட்டிலுள்ள இட்டிலியைத் தெளிவாகக் காணாமல் இருக்கலாம். பலகையில் இருப்பவை வெண்மையின்மேல் கருமையான எழுத்துகள் அல்லவா?

பக்கவாதம் கண்டவர்களின் நிலை வேறு. மூளையின் பாதிக்கப்பட்ட பகுதியைப் பொறுத்து, பார்வையில் இடப்புறமோ வலப்புறமோ ஒரு பாதி மறைந்துபோகலாம். பார்வை இருந்தும், ஒரு பக்கத்தை மனம் கவனியாமல் விட்டுவிடுவதும் உண்டு. இத்தகையோர் தட்டின் ஒரு பாதியை உண்டுவிட்டு மறுபாதியை அப்படியே விட்டு எழுவர். வீட்டார் அதனை "வயிறு நிறைந்துவிட்டது" என்று கருதுவர். தட்டைச் சற்றே திருப்பி வைத்தால் மீதியையும் அவர்கள் உண்பதுண்டு.

மறதிநோயில் கண் நலமாக இருப்பினும், கண் கண்டதை இன்னதென்று பிரித்தறியும் மூளையின் ஆற்றல் குறைகிறது. இதுபற்றி அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2004-ஆம் ஆண்டில் வெளியாயின. முற்றிய அல்சைமர் நோயுற்ற ஒன்பது ஆண்களுக்கு முதலில் வெள்ளைத் தட்டு, வெள்ளைக் கோப்பைகளிலும், பிறகு அடர்சிவப்புத் தட்டு, கோப்பைகளிலும் உணவு அளித்து, அவர்கள் உட்கொண்ட அளவைக் கணக்கிட்டனர். சிவப்புப் பாத்திரங்களைப் பயன்படுத்தியபோது உணவின் அளவு 25 விழுக்காடும், நீர்ம உணவின் அளவு 84 விழுக்காடும் கூடின. பின்னர் அடர்நீலப் பாத்திரங்களைக் கொண்டு செய்தபோதும் பயன் கிட்டியது. ஆனால், வெளிர்சிவப்பும் வெளிர்நீலமும் பெரும்பாலோருக்குப் பயன் தரவில்லை. ஆகவே, பயன் தந்தது சிவப்பு என்னும் நிறமன்று. உணவுக்கும் பாத்திரத்துக்கும் இடையிலிருந்த தெளிவான வேறுபாடே. ஒன்பது பேரிடம் நிகழ்ந்த சிறிய ஆய்வு இது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வீட்டில் ஒரே வேளையில் செலவின்றிச் சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவுரை என்பதால் இதனை இங்கே கூறுகிறேன்.

நோயாளியின் உணவே வெண்மையானது

நம் நாட்டில் இது மேலும் கவனிக்கத்தக்கது. நோயாளிக்கென்று நாம் தேர்ந்தெடுக்கும் உணவுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள்: இட்டிலி, இடியாப்பம், ஆப்பம், குழையவேகவைத்த சோறு, தயிர்ச்சோறு, நொய்க்கஞ்சி, பால், மோர், ரொட்டி. அனைத்தும் வெண்மை. காரமும் எண்ணெயும் குறைத்துச் சமைக்கும்போது நிறமும் உடன் குறைந்துவிடுகிறது. வெள்ளைக் கிண்ணத்தில் வெள்ளைக் கஞ்சியை ஊற்றி, வெளிர்நிறப் பலகைமீது வைத்துவிட்டு, "தொட்டுக்கூடப் பார்க்கவில்லை" என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

நாள்தோறும் எவர்சில்வர் தட்டில் உண்பவர்களுக்கு இத்தொல்லை சற்றுக் குறைவு என்று எண்ணலாம். அதிலும் ஒரு குறையுண்டு. பளபளக்கும் எவர்சில்வர், மேலிருந்து விழும் குழல்விளக்கின் ஒளியைக் கண்ணில் தெறிக்கச் செய்யும். கண்புரை உள்ளவர்களுக்கு இக்கூச்சம் மிகுந்த தொல்லை தரும். நாள்பட்டு மங்கிய தட்டாயின் பாதகமில்லை. பண்டிகைக்கென்று புளியிட்டுத் துலக்கிய தட்டுதான் கண்ணைக் கூசவைக்கும்.

மென்னிறம் குற்றமன்று

இவ்வளவும் கேட்டபின், தம்பி மகள் செய்த அலங்காரமே தவறு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மென்னிறங்கள் நமக்கு அயலானவை அல்ல. சுண்ணாம்புச் சுவரின் வெண்மை, அரிசிமாக் கோலம், கோரைப்பாயின் வைக்கோல் நிறம், சலவைக்குப் போகாத கோடித்துணியின் மங்கல் நிறம், மண்பானையின் செம்பழுப்பு ஆகியவை நம் மண்ணின் நிறங்கள். திருமயம் வட்டாரத்து நகரத்தார் வீடுகளில் முட்டை வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசி மெருகேற்றிய சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, வெண்மையின் அழகை வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. மேலும், நெடுநாள் நோயுற்றவருக்குப் பகட்டான நிறங்களும், பூவேலை நிறைந்த விரிப்புகளும், மின்னும் சரிகைகளும் களைப்பையே தரும். மறதிநோய் உள்ளவர்கள் விரிப்பில் அச்சிட்ட பூக்களை உண்மையான பொருள்கள் என்று எண்ணிப் பொறுக்க முயல்வதும் உண்டு. ஆகவே அமைதியான நிறங்கள் நோயாளிக்கு உகந்தவையே.

சிக்கல் மென்னிறத்தில் இல்லை. எல்லாமே மென்னிறமாக இருப்பதில்தான் உள்ளது. நம் முன்னோரின் பந்தி முறை இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே விடை கண்டுவிட்டது. கோரைப்பாய் வெளிர்நிறம். அதன்முன் விரித்த தலைவாழை இலை அடர்பசுமை. இலைமீது வைத்த சோறு வெண்மை. வெளிர், அடர், வெளிர் என்னும் இந்த மூன்றடுக்கு முறையில், உண்ணும் இடம் எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது, சோறு எங்கே இருக்கிறது என்பது மங்கிய கண்ணுக்கும் புலப்படும். தரையானாலும் மேசையானாலும் இதே முறையைக் கொள்ளலாம்.

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்குச் சென்றவர்கள் இதனை இன்னொரு வடிவில் கண்டிருப்பர். குடைவரையின் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைக் குளம் ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. காவிக்கல், மஞ்சள் காவி, சுண்ணாம்பு, கரி போன்ற எளிய பொருள்களிலிருந்து பெற்ற அடக்கமான நிறங்களே அங்குள்ளன. காலத்தால் பெரிதும் சிதைந்தபின்னும், குளத்தில் பூப்பறிக்கும் மாந்தரையும் மீன்களையும் யானையையும் இன்றும் நம்மால் இனங்காண முடிகிறது. ஏன்? ஓவியர்கள் தாமரை இலைகளின் பசுமையைப் பின்னணியாக விரித்து, அதன்மேல் வெளிர்நிற உருவங்களை நிறுத்தினர். உருவங்களின் விளிம்புகளைக் கோடிட்டுக் காட்டினர். அடக்கமும் தெளிவும் ஒருங்கே இயலும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இவ்வளவு பழைமையான சான்று இருக்கிறது.

தனித்தட்டு வேண்டாம்

இதனை உறவினர்களிடம் கூறியபோது இருவகை மறுப்புகள் எழுந்தன. "அலங்காரத்தின் அழகு கெட்டுவிடுமே" என்பது ஒன்று. இதற்கு விடை எளிது. பாலேட்டு நிற விரிப்பின்மேல் பசும் வாழையிலை கிடப்பதைவிட அழகிய காட்சியை எந்தப் பீங்கான் கடையிலும் வாங்க இயலாது.

மற்றொரு மறுப்பு இது: "அவருக்கு மட்டும் ஒரு நிறத் தட்டு வைத்துவிட்டால் போதாதா? அனைவரும் ஏன் மாற வேண்டும்?" இது நியாயமாகவே ஒலிக்கிறது. எனினும் என் கருத்து வேறு. நோயுற்ற நாள் முதலாகவே ஒருவருக்கு எல்லாம் தனித்தனியாகிவிடுகின்றன. அவருக்கெனத் தனிக் கட்டில், தனித் தம்ளர், தனிச் சமையல், தனி நேரம். இவற்றுள் பல மருத்துவக் காரணங்களால் தவிர்க்க இயலாதவை. ஆண்டுக்கு ஒருநாள் வரும் பண்டிகையிலாவது அவர் அனைவரையும்போல ஒருவராக அமர வேண்டும். பிறரெல்லாம் தந்தநிறப் பீங்கானில் உண்ண, அவர்முன் மட்டும் குழந்தைகளுக்கான சிவப்பு நெகிழித்தட்டை வைத்தால், உணவு தெரியும். தாம் வேறாக்கப்பட்டதும் தெரியும். மறதிநோயில் சொற்கள் மறந்தபின்னும் அவமதிப்பை உணரும் மனம் பெரும்பாலும் மறைவதில்லை என்பதைப் பராமரிப்பாளர் பலர் அறிவர்.

அனைவருக்கும் இலை போட்டுவிட்டால் இந்த இக்கட்டே எழாது. நோயாளிக்கு எது தேவையோ அதுவே எல்லாருக்கும் மரபாகவும் அமைந்துவிடுகிறது. யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததாகத் தோன்றாது. இலை கிடைக்காத இடங்களில், அடர்பச்சையோ அடர்நீலமோ அரக்குச் சிவப்போ ஆகிய ஒரே நிறத் தட்டுகளை அனைவருக்கும் வைக்கலாம்.

பந்தியை அமைக்கும் முறை

நாங்கள் பட்டறிந்து கற்றவற்றையும், மருத்துவமனையில் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

விரிப்பு வெளிர்நிறமாக, பூவேலையற்று, ஒரே நிறமாக இருக்கட்டும். தரைவரை தொங்க வேண்டாம். ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ சிக்கும். கை நடுக்கம் உள்ளவர் விரிப்பைப் பற்றி இழுத்தால் சூடான குழம்பு கவிழக்கூடும் என்பதால், அவர் அமரும் பக்கத்தில் விரிப்பின் தொங்கலை உள்ளே மடித்துவிடுவது நலம்.

இலையை நன்கு கழுவி, அனலில் இலேசாக வாட்டினால் கிழியாது. மேசையில் வைத்த இலையிலிருந்து ரசமும் மோரும் வழிந்தோடும். ஒரு கையால் மட்டும் உண்பவர்களுக்குச் சோற்றை அணைத்து எடுக்க விளிம்பும் இராது. ஆதலால், விளிம்புள்ள தட்டின்மீது வட்டமாக நறுக்கிய இலையை இட்டுப் பரிமாறுவது சிறந்தது. இவ்வாறு அனைவருக்கும் செய்துவிட்டால் பந்தியும் ஒரே சீராக இருக்கும்.

இலையிலும் ஒரு குறை உண்டு. கீரை மசியலும் அவரைப் பொரியலும் பச்சை இலையில் மறைந்துவிடும். அவற்றைச் சோற்றின் மேலோ, சோற்றை ஒட்டியோ வையுங்கள். பரங்கிக்காய், பீட்ரூட், பருப்பு ஆகியவை இலையில் எங்கிருந்தாலும் தெரியும். பத்துப் பதார்த்தங்களை ஒரே நேரத்தில் வைத்து இலையை நிறைக்க வேண்டாம். இரண்டு அல்லது மூன்றை முதலில் வைத்து, உண்ட பின் மற்றவற்றைப் பரிமாறினால் குழப்பம் இராது. "இது பொங்கல், இது பரங்கிக்காய்க் கூட்டு" என்று பெயர் சொல்லி வைப்பது இன்னும் நல்லது. பக்கவாதம் கண்டவரானால், அவர் எந்தப் பக்கத்தை நன்கு காண்கிறாரோ அந்தப் பக்கத்தில் உணவை முதலில் வைத்து, இடையிடையே மறுபக்கத்தையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

கண்ணாடித் தம்ளரில் உள்ள தண்ணீர் பலருக்குக் கண்ணில் படுவதில்லை; கை தட்டிக் கவிழ்வதும் இதனால்தான். நிறமுள்ள தம்ளரோ மண்குவளையோ நல்லது. மோரையும் பாலையும் செம்மண் நிறக் குவளையில் ஊற்றினால் தெளிவாகத் தெரியும்.

வெளிச்சம் போதிய அளவு இருக்க வேண்டும். அழகுக்காக விளக்கை அணைத்துவிட்டு அகல் ஒளியில் மட்டும் உண்பது மங்கிய பார்வையுடையோருக்கு ஏற்றதன்று. நோயாளியைச் சன்னலை நோக்கி அமர்த்தாமல், சன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்குமாறு அமர்த்தினால் கண் கூசாது. உணவின்மேலும் ஒளி விழும். தீபம், கற்பூரம், ஊதுபத்தி ஆகியவற்றைப் பூசையறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவற்றின் புகை ஆஸ்துமா உள்ளோருக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் தீங்கு தரும். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் இருந்தால், அவர் இருக்கும் அறையில் எவ்வகைத் தீயும் அறவே கூடாது. இதில் எவ்விதத் தளர்வுக்கும் இடமில்லை.

கீரமங்கலம் சந்தையிலிருந்து மல்லிகையும் சம்பங்கியும் வந்திறங்கும் மாவட்டம் நம்முடையது; பூவின்றிப் பண்டிகை இல்லை. ஆயினும் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோருக்கு மல்லிகையின் கடும் மணமே குமட்டலை உண்டாக்கலாம். வெள்ளணுக்கள் குறைந்துள்ளவர்கள் புதுப்பூக்களின் அருகில் இருக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தகையோர் வீட்டில், உலர்ந்த நெற்கதிரும் ஒரு பித்தளைச் சொம்புமே மேசைக்குப் போதிய அழகு. எந்த அலங்காரமும் எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும் உயரத்துக்குப் போக வேண்டாம். செவித்திறன் குறைந்தவர்கள் பேசுவோரின் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வர்.

தரையில் அமர இயலாதவர் ஒருவர் இருந்தால், அவரை மட்டும் தனியே நாற்காலியில் அமர்த்தாமல், இன்னும் இருவராவது அவரோடு மேசையில் அமருங்கள்.

உணவு பற்றி ஒரு சொல்

எதை உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம் என்பது நோய்க்கு நோய் வேறுபடும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைப் பொங்கலின் அளவும், சிறுநீரக நோயாளிக்கு வாழைப்பழம், இளநீர் போன்றவற்றின் அளவும், இதய நோயாளிக்கு உப்பும் நெய்யும் தனித்தனியே வரையறுக்கப்பட வேண்டியவை. பண்டிகைக்கு முன்பே உணவு ஆலோசகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். நிறத்தை மாற்றினால் உண்ணாதவர் எல்லாரும் உண்டுவிடுவர் என்று நான் கூறவில்லை. விழுங்குவதில் சிரமம், பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல், மனச்சோர்வு, மருந்துகளின் பக்கவிளைவு எனப் பல காரணங்களால் உணவு குறையும். உண்ணும்போதோ நீர் பருகும்போதோ இருமல் வந்தாலும், குரல் ஈரமாகக் கரகரத்தாலும், எடை தொடர்ந்து குறைந்தாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும். குழாய் வழியே மட்டும் உணவு பெறுவோருக்கு, பண்டிகை என்பதற்காக ஒரு வாய்கூட அனுமதியின்றிக் கொடுத்தல் ஆகாது. அவர்களும் பந்தியில் உடன் அமரலாம். பேச்சிலும் சிரிப்பிலும் பங்குகொள்ளலாம்.

வார்டில் பொங்கல்

பண்டிகைக்குள் வீடு திரும்ப இயலாத குடும்பங்களும் இதனைப் படிப்பீர்கள். உங்களுக்கும் ஓர் எளிய வழி உண்டு. செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, கழுவித் துடைத்த ஒரு சிறு இலைத்துண்டை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். படுக்கைமுன் உள்ள உணவுப் பலகையில் ஒரு வெளிர்நிறத் துண்டை விரித்து, தட்டின்மேல் இலையை இட்டு, மருத்துவமனை தரும் அதே இட்டிலியை அதில் வையுங்கள். மாத்திரை உறைகளையும் மருந்துச்சீட்டுகளையும் அந்த அரைமணி நேரம் மட்டும் வேறிடத்தில் வைத்துவிடுங்கள். உடனிருக்கும் நீங்களும் அப்போதே ஓர் இலைத்துண்டில் உண்ணுங்கள். நோயாளி உறங்கியபின் வராந்தாவில் நின்றவாறு உண்டு முடிக்கும் பராமரிப்பாளர்களை நான் அறிவேன். நானும் அவர்களுள் ஒருத்தியாக இருந்தவள்.

மறு ஆண்டு

மறு ஆண்டுப் பொங்கலுக்கும் தம்பி மகளே மேசையை அழகு செய்தாள். அதே பாலேட்டு நிற விரிப்பு, அதே நெற்கதிர்கள். பீங்கான் தட்டுகள் மட்டும் அலமாரியில் இருந்தன. பதினொரு தட்டுகளில் பதினொரு இலைகளை வட்டமாக நறுக்கி இட்டிருந்தாள். பாட்டியின் மோருக்கு ஒரு மண்குவளை.

என் தாயாரின் நோய் அதற்குள் முற்றியிருந்தது. எங்களுள் பலருடைய பெயர்கள் அவருக்கு நினைவில்லை. ஆயினும் இலையைப் பார்த்தவுடன், யாரும் சொல்லாமலே, வலக்கையில் சிறிது நீரை எடுத்து அதன்மேல் தெளித்துத் துடைத்தார். வெண்பொங்கலைப் பிசைந்து உண்ணத் தொடங்கினார். முழுவதையும் உண்டார் என்று சொல்லமாட்டேன், பாதிக்குமேல் உண்டார். இடையில் ஒருமுறை நிமிர்ந்து என் இலையைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பின் அவர் தாமாகக் கேட்ட கேள்வி அது.

அதுவே அவர் எங்களோடு கொண்டாடிய கடைசிப் பொங்கல். முந்தைய ஆண்டின் வெள்ளைத் தட்டை நினைக்கும்போதெல்லாம், அந்த ஓர் இலைக்காக நான் நன்றியுடையவளாகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு உங்கள் வீட்டு மேசையை உங்களுக்குப் பிடித்த மென்னிறங்களால் அழகு செய்யுங்கள். செய்து முடித்தபின், உங்கள் வீட்டு நோயாளி அமரும் இடத்தில் சற்றே அமர்ந்து, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். சோறு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை எனில், அவருக்கும் தெரியாது. ஓர் இலையை விரியுங்கள்.